வாடாமல்லிக்கு அலைநீளம் கிடையாது

எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “சிவப்பைப் பார்க்கும்போது மனசுக்குள் எப்படி இருக்கிறதோ, அந்த அனுபவத்தையே கேட்டகரி தியரியால் எழுதலாம் என்கிறார்கள். இதில் ஆய்வு செய்ய ஆசை. தலைப்பு கொடுத்து, கட்டுரையும் வெளியிட்டுத் தருவதாக ஒரு வழிகாட்டு மையம் 60,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா ஐயா?”

கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் ஆசைக்கு வருவோம். அது நல்ல ஆசை.

கேட்டகரி தியரி என்பது பொருள்களை அவற்றுக்கு இடையே உள்ள உறவுகளை வைத்தே படிக்கும் கணிதப் பிரிவு. ஓர் அனுபவத்தைத் தனியே எடுத்து ‘இது இன்னது’ என்று அது சொல்லாது. மற்ற அனுபவங்களோடு அதற்கு என்ன முறை என்று சொல்லும். கல்யாண வீட்டில் தெரியாத முகத்தைப் பார்த்தால், ‘பொண்ணுக்குத் தாய்மாமன், மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்பந்தி’ என்று உறவைச் சொல்லித்தானே ஆளை அறிமுகம் செய்கிறோம்? எல்லா உறவையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டால் ஆளையே சொன்ன மாதிரி. கேட்டகரி தியரியின் அடிப்படையான யோனேடா துணைத்தேற்றத்தின் சாரம் இவ்வளவுதான்.

நிறத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒரே கோடு. ஊதா ஒரு முனை, சிவப்பு மறுமுனை. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் எக்மான் 14 நிறங்களை ஜோடி ஜோடியாகக் காட்டி, எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மதிப்பெண் போடச் சொன்னார், 1954-ல் வெளியிட்டார். அந்த எண்களை 1962-ல் உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட், ஒத்த நிறங்கள் அருகருகே வரும்படி வரைபடமாக்கியபோது கோடு வரவில்லை, வட்டமாக வளைந்தது. இரண்டு முனைகளும் நெருங்கி வந்துவிட்டன. அந்த இடைவெளியில் உட்காரும் நிறம்தான் நம் வாடாமல்லி. அதற்கென்று ஓர் அலைநீளமே இல்லை, வானவில்லிலும் கிடையாது. ஆனாலும் புடவைக் கடையில் பளிச்சென்று தெரிகிறது. ஒளி கோடாக இருக்க, அனுபவம் வட்டமாக இருக்கிறது. கணிதத்துக்கு இங்கே வேலை இருக்கிறது.

அப்படியானால் இரண்டு நிறங்களுக்கு இடையே ‘தூரம்’ அளந்தால் போதாதா, கேட்டகரி எதற்கு? இங்கேதான் ஒரு விதிவிலக்கு வருகிறது. கொஞ்சம் நின்று படியுங்கள், பலர் வழுக்கும் இடம். ‘பையன் அப்பா ஜாடை’ என்கிறோம். ‘அப்பா பையன் ஜாடை’ என்று சொல்வதில்லை. தூரம் என்றால் போகவும் வரவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒற்றுமை அப்படி இருப்பதில்லை. 1977-ல் உளவியலாளர் டிவர்ஸ்கி இதைச் சோதனையில் காட்டினார்: வடகொரியா சீனாவைப் போல இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு, சீனா வடகொரியாவைப் போல இருக்கிறது என்று மக்கள் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டகரியில் கோட்டுக்குப் பதில் அம்பு. போகும் அம்பு வேறு, வரும் அம்பு வேறு. 1973-லேயே கணிதவியலாளர் லாவியர் இப்படித் திசைக்குத் திசை மாறும் தூரத்தையும் கேட்டகரியாக எழுதலாம் என்று காட்டிவிட்டார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுச்சியாவும் கூட்டாளிகளும் 2022-ல் அதை ஒற்றுமை மதிப்பெண்களுக்குப் பொருத்தினார்கள். உங்களுக்கான வாசல் அது.

‘என் சிவப்பும் உன் சிவப்பும் ஒன்றா’ என்பதற்கு மட்டும் இதில் பதில் தேடாதீர்கள். உறவு முழுக்க மாறாமல் இருவருடைய நிறங்கள் இடம் மாறியிருந்தால் கணிதம் வாய் திறக்காது.

இப்போது அந்த மையம். உங்களுக்குத் தரப்போவது ‘குவாண்டம் நனவு’ என்ற தலைப்பும், பத்து நாளில் எதையும் ஏற்றுக்கொள்ளும் ஓர் இதழும்தான். என் மாணவன் ஒருவன் இப்படித்தான் பணம் கட்டினான். வந்த கட்டுரையில் அவன் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதல் இருவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது. அடுத்த வருடம் இதழே காணோம். பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-லேயே நீக்கியது. ஆனாலும் பல இடங்களில் ‘ரெண்டு பேப்பர் எங்கே’ என்றுதான் கேட்கிறார்கள். தரகருக்குச் சோறு போடுவது இந்தக் கேள்விதான். போதாததற்கு, கணிதத் துறை ‘இது உளவியல்’ என்று தள்ளும். உளவியல் துறை ‘இது கணக்கு’ என்று திருப்பி அனுப்பும். பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கிறார்கள். எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று!

‘உங்கள் நனவின் ஃபை அளவைக் கணித்துத் தருகிறோம்’ என்பவரையும் நம்பாதீர்கள். ஒருவருக்கு எவ்வளவு நனவு இருக்கிறது என்பதை ‘ஃபை’ என்ற ஒரே எண்ணால் அளக்கலாம் என்று நரம்பியல் ஆய்வாளர் டோனோனி 2004-ல் முன்வைத்த கொள்கை அது. 2023-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் அதைப் போலி அறிவியல் என்று கடிதமே எழுதினார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும். ஒரு முழு மூளைக்கு அந்த எண்ணை யாராலும் கணக்கிட முடியாது.

செய்ய வேண்டியது இது. பெயின்ட் கடையில் ஷேட் கார்டு கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். கிளிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு, வாடாமல்லி என்று ஒன்பது நிறம் வெட்டுங்கள். ‘இது அதைப் போல எவ்வளவு இருக்கிறது?’ என்று 0 முதல் 7 வரை மதிப்பெண் கேளுங்கள். திருப்பியும் கேட்க வேண்டும். மொத்தம் 72 கேள்வி. விடுதித் தோழிகள் பத்துப் பேர் போதும். மதிப்பெண்ணை 7-லிருந்து கழித்தால் தூரம். இரு திசையின் சராசரியை எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) மென்பொருளில் ஷெப்பர்ட் போட்டது போன்ற வரைபடம் போடுங்கள். வட்டம் வருகிறதா பாருங்கள். திருப்பிக் கேட்டபோது எண் மாறிய ஜோடிகளை மட்டும் சிவப்பு மையில் சுழித்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம் என்பதை அதைப் பார்த்தபின் சொல்கிறேன்.