பதில்: தீக்காயத்தில் ஹீமோகுளோபின் அளவு ஏறி இறங்குகிறது

கொழிஞ்சாம்பாறை தம்பிக்கு வணக்கம். ஒரே காயத்துல அஞ்சு நிமிஷ இடைவெளியில ஹீமோகுளோபின் பாதியாக் குறையுது, தோல்ல பட்டுத் திரும்புற ஒளியை அலைநீளவாரியா அளக்குற ஸ்பெக்ட்ரோமீட்டர் கெட்டுப்போச்சான்னு கேட்டிருந்தீங்க. கருவியைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி உங்க கையைக் கவனிங்க. ஒளியைக் கொண்டுபோற ஃபைபர் முனையைப் புண்ணு மேல அழுத்தினா நுண்குழாய்ல இருக்கிற ரத்தம் ஒதுங்கிடும். ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சுறதால வரைபடத்துல 542, 577 நானோமீட்டர்ல தெரியுற ரெண்டு பள்ளமும் மழுங்கிப்போகும். முனையை ஸ்டாண்டுல மாட்டி, புண்ணைத் தொடாம, கொஞ்சம் சாய்ச்சு வையுங்க. நேரா வச்சா ஈரப்புண்ணோட பளபளப்புதான் பதிவாகும்.

தீக்காயத்துக்குப் போடுற சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு பூசியிருந்தா அளக்கவே வேண்டாம். அந்த வெள்ளைக் களிம்பு ஒளியைச் சிதறடிச்சிடும். நர்ஸ் கட்டு மாத்தித் துடைச்ச கையோட எடுங்க. உடம்போட மறுபக்கத்துல காயமில்லாத அதே இடத்தையும் அளந்து ஒப்பிடுங்க.

630 நானோமீட்டர் கிட்ட பள்ளம் தெரிஞ்சா அது மெத்ஹீமோகுளோபின், அதாவது ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின். கணக்குல அதைச் சேர்க்கலேன்னா ஆக்ஸிஜன் செறிவு தப்பா வரும். பலபேர் கோட்டை விடுறது இங்கதான்.

மேலோட்டமான காயத்துல ரத்த ஓட்டம் கூடும். ஆழமான காயத்துல குழாய்களே உறைஞ்சு போயிருக்கும், ஹீமோகுளோபின் சீக்கிரம் ஏறாது. தோலுக்குள்ள ஆழமாப் பார்க்க 700 முதல் 900 நானோமீட்டர் வரைக்குமான அகச்சிவப்புதான் சரி. அழுத்தாம எடுத்த வரைபடத்தை இங்க போடுங்க, பார்க்கிறேன்.