நிறைய உப்பு சாப்பிட்டாலும் ரத்தத்தில் சோடியம் நார்மலாகவே இருப்பது எப்படி?

உப்பைத் தாராளமாகச் சாப்பிடுகிறேன், ரத்தப் பரிசோதனையில் சோடியம் 140 என்றுதான் வருகிறது, அப்படியானால் மிச்சத்தை வெளியே தள்ளச் சொல்லி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது எந்த ஹார்மோன் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலில் அந்த 140. அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அது சொல்லவே சொல்லாது, தண்ணீரோடு என்ன விகிதத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பீர்கள், கூடவே மூளையிலிருந்து ஏடிஹெச் ஹார்மோன் வந்து சிறுநீரில் போக வேண்டிய தண்ணீரையும் பிடித்து வைக்கும், விகிதம் பழையபடி ஆகிவிடும். ஆனால் உடம்பில் திரவம் கூடியிருக்கும். அது தெரிவது எடையில், பிபியில், மிஞ்சிப் போனால் காலை விரலால் அழுத்தும்போது விழும் குழியில்.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். ஒரு நாளில் அது வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர், அதில் இருக்கும் உப்பு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. நாம் சாப்பிடுவதோ சில கிராம். அதாவது சிறுநீரகத்தின் பெரிய வேலை உப்பை வெளியேற்றுவது இல்லை, வடிகட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்வது. வீட்டைச் சுத்தம் செய்ய எல்லாச் சாமானையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் மறுபடி உள்ளே வைப்பது மாதிரி. மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகக் குழாயின் முதல் பகுதியிலேயே திரும்பிவிடும், இன்னொரு கால் பங்கு அடுத்து வரும் ஹென்லே வளைவு என்ற பகுதியில். கடைசியில் மிஞ்சுகிற சில சதவீதத்தில்தான் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் கை வைக்கிறது. சில சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் ஒன்றரை கிலோவில் 2 சதவீதம் என்றாலே 30 கிராம், நீங்கள் ஒரு நாளில் சாப்பிடும் உப்பைவிட அதிகம்!

அந்த ஆல்டோஸ்டீரோன் எப்போது வரும் என்றால், உடம்பில் திரவம் குறைந்து சிறுநீரகத்துக்குள் வரும் ரத்தத்தின் அழுத்தம் இறங்கும்போது, அங்குள்ள சின்ன ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து ரெனின் என்ற நொதி சுரக்கும், அது ஆஞ்சியோடென்சினை உருவாக்கக் கிளப்பிவிடும், ஆஞ்சியோடென்சின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிட்டு அட்ரீனல் சுரப்பியையும் போய்த் தட்டும். அங்கிருந்து வரும் ஆல்டோஸ்டீரோன் குழாயின் செல்லுக்குள் நுழைந்து சோடியத்துக்கான வாசல்களைக் கூட்டுகிறது, சோடியம் உள்ளே வரும், பதிலுக்குப் பொட்டாசியம் வெளியே போகும். பிபிக்குக் கொடுக்கும் 'பிரில்', 'சார்டன்' என்று முடியும் மாத்திரைகள் இந்தச் சங்கிலியில்தான் குறுக்கே நிற்கின்றன, அதனால் பொட்டாசியம் வெளியே போவதும் குறையும். பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பை அவற்றோடு சேர்ப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் உங்கள் கேள்வி. உப்பு அதிகமானால் இந்தச் சங்கிலி அடங்கிப் போகும். திரும்ப எடுப்பது குறையும், உப்பு தானாக வெளியேறும். தனியாக ஒரு உத்தரவும் உண்டு: இதயத்தின் மேலறைகள் திரவம் நிரம்பி விரியும்போது ஏஎன்பி என்ற ஹார்மோன் வரும். 1981-ல் டி போல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் எலியின் மேலறைத் திசுச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் செலுத்தியபோது அவை உப்பையும் சிறுநீரையும் கொட்டித் தீர்த்தன. பாடப்புத்தகங்கள் இதை ஆல்டோஸ்டீரோனுக்குச் சரிசமமான எதிரணியாகக் காட்டும், எனக்கு அது கொஞ்சம் மிகையாகவே படுகிறது. அன்றாட வாழ்க்கையில் ரெனின் அடங்குவதுதான் பெரிய காரணம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. செல்லுக்குள் ஆல்டோஸ்டீரோன் போய் உட்காரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர், அதே ஏற்பியில் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் உட்காரும், அதுவோ ரத்தத்தில் பல மடங்கு அதிகம். அதை உட்கார விடாமல் செயலிழக்கச் செய்ய அந்த செல்லுக்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரம் இந்த நொதியைத்தான் முடக்குகிறது, அப்போது கார்டிசோல் ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும். அதை அளவில்லாமல் மாதக்கணக்கில் எடுப்பவருக்கு பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும், சோதித்துப் பார்த்தால் ஆல்டோஸ்டீரோன் குறைவாகவே இருக்கும். மருத்துவரே குழம்பும் கேஸ் இது.

எவ்வளவு உப்பு சாப்பிடுகிறீர்கள் என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அதில் சோடியம் பாருங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்து, சாப்பாடும் ஒரே மாதிரி இருந்தால், உள்ளே போனதில் பெரும்பகுதி அதில் வந்துவிடும். 100 மில்லிமோல் சோடியம் என்றால் கிட்டத்தட்ட 6 கிராம் உப்பு.