ஏசி இல்லாத அறையில் ஓவர்க்ளாக் செய்ய எந்த மதர்போர்டு வாங்கலாம்?

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை, ஏசி கிடையாது, ஏஎம்டியின் ரைசன் 5 7600எக்ஸ் பிராசஸரை வாங்கி ஓவர்க்ளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, எந்த மதர்போர்டு சரி என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ராயபுரம். நம் பக்கத்து வெயிலும் உப்புக்காற்றும் எனக்கும் பழக்கம் என்பதால் அதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

போர்டில் என்னென்ன செய்யலாம் என்பதை முடிவு செய்யும் சிப்செட் விஷயம் சுலபம். ஏ620, பி840 இரண்டையும் விட்டுவிடுங்கள். ரேமின் வேகத்தை ஏற்றலாமே தவிர, பிராசஸரை ஓவர்க்ளாக் செய்ய அவற்றில் வழி இல்லை. பி650 அல்லது பி850 போதும். எக்ஸ்670-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் யுஎஸ்பி, எஸ்எஸ்டி இணைப்புகளுக்குத்தான் போகிறது, வேகத்துக்கு இல்லை. மனம் மாறி இன்டெல் பக்கம் போனால், பெயரில் கே உள்ள பிராசஸரும் இசட் வரிசை போர்டும் இரண்டும் சேர்ந்து வேண்டும்.

நீங்கள் நின்று பார்க்க வேண்டியது விஆர்எம். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய ஒன்றே சொச்சம் வோல்ட்டாக இறக்கித் தருவது அதுதான். வோல்ட்டேஜை 1.2-லிருந்து 1.3-க்கு ஏற்றினால் 0.1 தானே என்று தோன்றும். ஆனால் மின்செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் வேகத்தைத் தொடாமலே சுமார் 17 சதவீதம் வாட் கூடிவிடும். அவ்வளவும் விஆர்எம் வழியாகத்தான் போக வேண்டும்.

விஆர்எம் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பிரிவுகளுக்கு ஃபேஸ் என்று பெயர். அவை எத்தனை என்பதைப் பெட்டியில் 14+2+1 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கைக்காகக் காசு கொடுக்காதீர்கள். 7600எக்ஸ் இயல்பு நிலையில் அதிகபட்சம் இழுப்பது 142 வாட். அது முழுக்க 1.3 வோல்ட்டில் போவதாக வைத்தாலும் 110 ஆம்பியர்தான் வரும். தலா 50 ஆம்பியர் தாங்கும் எட்டு ஃபேஸ் இருந்தாலே 400 ஆகிவிட்டது. கரண்ட்டைத் தாங்குமா என்பது உங்களுக்குக் கவலையே இல்லை, சூட்டைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. போர்டை விமர்சனம் செய்கிறவர்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் வைத்துச் சோதிப்பார்கள். கத்திரி வெயிலில் மேல்மாடி அறை 38 டிகிரியைத் தொடும்போது, அவர்கள் காட்டும் விஆர்எம் சூட்டோடு 15 டிகிரியாவது கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் விஆர்எம் மேல் கனமான, மடிப்பு மடிப்பாக வெட்டிய ஹீட்சிங்க் உள்ள போர்டையே எடுங்கள். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் மூடி மட்டும் இருந்தால் வேண்டாம்.

இதோடு சேர்ந்தது கூலர். பலரும் லிக்விட் கூலருக்கு ஆசைப்படுவார்கள். டவர் கூலரின் ஃபேன் ஓடும்போது விஆர்எம் மேலும் கொஞ்சம் காற்று படும். லிக்விட் கூலரில் அது கிடைக்காது. உங்கள் அறைக்கு நல்ல டவர் கூலரைத்தான் சொல்வேன். அப்புறம், இந்தப் பிராசஸரில் வேகத்தை நேரடியாக ஏற்றுவதைவிட, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி வழியாக வோல்ட்டேஜைக் குறைப்பதுதான் லாபம். சூடு இறங்க இறங்க அதுவே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

ரேம் 6000 வேகத்தில், இரண்டே ஸ்டிக். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்டிக் போட்டால் அந்த வேகம் நிற்பது கஷ்டம்.

பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனாலும் பென் டிரைவை வைத்துப் போர்டை மீட்டுவிடலாம். அப்டேட்டையும் தள்ளிப்போட வேண்டாம். 2023-ல் சில ரைசன் 7000 பிராசஸர்கள் கருகியபோது, எஸ்ஓசி வோல்ட்டேஜை (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) 1.3-க்கு மேல் போகவிடாமல் தடுத்தது புதிய பயாஸ்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் கடையிலேயே பெட்டியைத் திறந்து சாக்கெட்டைப் பாருங்கள். இந்தப் பிராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, மொத்தம் 1718. ஒன்று வளைந்திருந்தாலும் வீட்டுக்கு வந்த பிறகு வாரன்ட்டியில் வாதாட முடியாது. சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரையில் ஒன்றும் வராது. ரேமுக்கு ஏற்ற அமைப்பைப் போர்டு சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.