கன்பூசியஸை அளவையியல் கொண்டு படிப்பது: கேள்வி பதில்

அளவையியல், அதாவது தர்க்கம், பாடம் நடத்துகிறேன். பழஞ்சீன அறிஞர் கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பான 'லுன்யூ'வையும், அவர் வழியில் பின்னால் வந்த மென்சியஸையும் விடாமல் படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

அக்கா, கன்பூசியஸ் சொன்னதெல்லாம் அறிவுரைதானே? அங்கே அளவையியலுக்கு என்ன வேலை?

'லுன்யூ' 14ஆம் பகுதியைப் பாருங்கள். ரென் என்னும் மனிதநேயம் உள்ளவரிடம் துணிவு கட்டாயம் இருக்கும், துணிவு உள்ளவரிடம் ரென் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்கிறார். 'அ என்றால் ஆ' என்று ஒப்புக்கொண்டதாலேயே 'ஆ என்றால் அ' ஆகிவிடாது. நம்மூர் அளவை நூல்களில் வரும் புகையும் நெருப்பும் போலத்தான்: புகை இருந்தால் நெருப்பு உண்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அதற்கு முந்தைய வாக்கியம் நற்பண்பையும் நல்ல பேச்சையும் பற்றியது; அதுவும் இதே அச்சு. அடுத்தடுத்து இரண்டு முறை வருவதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

"அரசன் அரசன், தந்தை தந்தை" என்கிறாரே. இது சொன்னதையே திருப்பிச் சொல்லும் வெற்றுக் கூற்று இல்லையா?

இல்லை. முதல் சொல் பதவி, இரண்டாவது நடத்தை: அரசன் அரசனாக நடக்க வேண்டும். வெற்றுக் கூற்று ஒருநாளும் பொய்க்காது. இது பொய்த்துப்போன நாடுகளைப் பார்த்துத்தான் அவர் பேசினார்.

பெயர்களை நடப்புக்குப் பொருந்தச் சரிசெய்தால் நாடு உருப்படும் என்கிறாராமே, மேடம்?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் 13ஆம் பகுதியில் அவர் சீடர் ஸிலுவிடம் சொன்னது வேறு. பெயர் சரியில்லை என்றால் பேச்சு பொருந்தாது. பேச்சு பொருந்தாவிட்டால் காரியம் நடக்காது. பிறகு சடங்கும் இசையும் தழைக்காது. தண்டனைகள் தவறிப் போகும். கடைசியில் மக்களுக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்றே தெரியாது. அத்தனையும் 'இல்லாவிட்டால்'. பெயர் சரியாக இருப்பது தேவையான நிபந்தனை. அது மட்டும் போதும் என்று இந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை.

மனித இயல்பு நல்லது என்கிறார் மென்சியஸ், கெட்டது என்கிறார் அவருக்குப் பின் வந்த கன்பூசிய அறிஞர் சுன்ஸி. ஒருவர் சொல்வது பொய்தானே?

முதலில் 'இயல்பு' என்பதற்கான சீனச் சொல்லான 'ஷிங்'கைப் பாருங்கள். கற்காமல், முயலாமல் பிறப்பிலேயே கிடைப்பது மட்டும்தான் ஷிங் என்பார் சுன்ஸி. மென்சியஸ் மனிதனுக்குள் இருக்கும் நற்குணத்தின் முளையைக் காட்டி, அது வளரும் திசையையும் சேர்த்துப் பேசுவார். சண்டையில் பாதி சொல்லால் வந்தது. அந்த முளை பிறப்பிலேயே இருக்கிறதா என்பது மிச்சப் பாதி. அது உண்மையான சண்டை.

மென்சியஸின் வாதத்தில் ஓட்டை உண்டா?

உண்டு. பிறப்போடு வருவதே இயல்பு என்றார், மென்சியஸோடு வாதிட்ட காவ்ஸி. "வெள்ளையை வெள்ளை என்பது போலவா? இறகின் வெண்மையும் பனியின் வெண்மையும் ஜேட் கல்லின் வெண்மையும் ஒன்றா?" என்று மடக்கினார் மென்சியஸ். காவ்ஸி இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்றார். "அப்படியானால் நாயின் இயல்பும் மாட்டின் இயல்பும் மனிதனின் இயல்பும் ஒன்றா?" என்பது அடுத்த கேள்வி. உடன்பாட்டை வைத்தே அபத்தத்துக்குக் கொண்டுபோகும் முறை இது, அழகான முறை. ஆனால் பிறப்போடு வருவது எல்லா உயிருக்கும் ஒன்றே என்று காவ்ஸி சொல்லவில்லை. வெண்மை ஒரு நிறத்தின் பெயர். 'இயல்பு' அப்படியல்ல, 'உயரம்' போன்ற சொல். எல்லோருக்கும் உயரம் உண்டு என்பதால் எல்லோரும் ஒரே உயரம் ஆகிவிடுவார்களா? அந்த முதல் 'ஆமாம்' என்ற இடத்தில் காவ்ஸி மறுத்திருக்க வேண்டும்.