கள்ளிச் செடிக்குத் தினமும் அரை டம்ளர் தண்ணீர் ஏன் ஆகாது?

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டியில் வைத்த தங்கப் பந்துக் கள்ளி சுருங்கிக்கொண்டே வருகிறது. பாலைவனச் செடி என்பதால் தினமும் அரை டம்ளர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இன்னும் கூட்டலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கூட்ட வேண்டாம். முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

இதன் பூர்வீகம் மத்திய மெக்சிகோவின் வறண்ட மலைச்சரிவுகள். அங்கே மழை வந்தால் கொட்டும். பிறகு வாரக்கணக்கில் மண் காய்ந்து கிடக்கும். அந்தச் செடிக்குப் பழக்கம் எப்போதாவது நிறைய குடிப்பதுதான், தினமும் கொஞ்சம் குடிப்பதல்ல. கள்ளிகளின் வேர் பெரும்பாலும் ஆழம் போகாமல் மேல்மண்ணிலேயே அகலமாகப் படரும். மண் நனைந்ததும் அதிலிருந்து மெல்லிய வேர்கள் வேகமாகக் கிளம்பி நீரை உறிஞ்சும். மண் காய்ந்ததும் அவை உதிர்ந்துவிடும். தடித்த வேர்கள் மேலே தக்கைபோல் தடித்து, உள்ளே இருக்கும் நீரை மண்ணுக்கு விடாமல் காக்கும். குடித்த நீர் உடம்பில் சேரும்போது விலாமடிப்புகள் ஆர்மோனியத் துருத்திபோல் விரியும், செலவாகும்போது சுருங்கும்.

மூச்சுவிடுவதிலும் சிக்கனம்தான். தோலிலுள்ள நுண்துளைகளைப் பகலில் மூடிவைத்து இரவில் திறக்கும். அப்போது இழுக்கும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் மாவுப்பொருளாக்கும். (சப்பாத்திக்கள்ளி மடல் விடிகாலையில் புளித்து, சாயங்காலம் சப்பென்று இருப்பது இதனால்தான்.) இந்த ஏற்பாட்டுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். சென்னைக் கோடையின் புழுக்கமான இரவில் அது மந்தமாகிவிடும், செடி குடிப்பதும் குறையும். நீங்களோ வெயிலைப் பார்த்துத் தினமும் ஊற்றுகிறீர்கள். ஈரம் வற்றாத மண்ணில் காற்று இல்லை. வேர் செத்து, பூஞ்சை உள்ளே நுழைகிறது.

ஏமாற்றுவது இந்த இடம்தான். தாகத்திலும் செடி சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும், ஏனென்றால் குடிக்க வேர் இல்லை. பார்த்துப் பிரித்தறிய முடியாவிட்டால் செடியைப் பிடுங்கிவிடுங்கள். நல்ல வேர் இழுத்தால் உறுதியாக நிற்கும். அழுகிய வேரின் மேல்தோல் விரலோடு வழுக்கி வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அடிப்பாகத்தை அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால் அழுகல் உடம்புக்கே ஏறிவிட்டது.

அப்படியானால் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் கீழிருந்து சீவிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு வட்டம் தெரியும். அதில் பழுப்போ ஆரஞ்சோ ஒரு புள்ளி இருந்தால்கூட இன்னும் மேலே வெட்டவும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கவும். கந்தகத் தூள் தடவி, நிழலில் 10 முதல் 15 நாள் காயவிட்டு, வெட்டுமுகம் கெட்டியானதும் உலர்ந்த கலவைமேல் உட்காரவையுங்கள். பந்துக் கள்ளி வேர்விடச் சில மாதம்கூட ஆகும். வேர் எட்டிப்பார்க்கும் வரை தண்ணீர் இல்லை.

கலவை: தூசு போகக் கழுவிய பருமணல் 2 பங்கு, 3–5 மி.மீ. செங்கல் துண்டு 1 பங்கு, செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்த்து 1 பங்கு. நர்சரிக் கலவையிலுள்ள தென்னை நார்க்கழிவு ஈரத்தை விடாது, உதறிவிடுங்கள். செடியைவிட 2–3 செ.மீ. மட்டுமே அகலமான மண்தொட்டி போதும். அடியில் ஜல்லி பரப்பினால் நன்றாக வடியும் என்பது வெறும் நம்பிக்கை. ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

இனிமேல் ஊற்றினால் தொட்டித் துளையில் ஒழுகும்வரை, சாயங்காலம் ஊற்றுங்கள். அடுத்த முறை ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமண் ஒட்டினால் இன்னும் நாள் இருக்கிறது. கோடையில் பெரும்பாலும் 10–14 நாளுக்கு ஒருமுறை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை படாத, ஆனால் வெளிச்சமுள்ள தாழ்வாரத்துக்கு மாற்றி, மாதம் ஒருமுறைக்கு மேல் ஊற்றாதீர்கள். காற்றே ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம்.