ஃபீனிக்ஸில் வீடு வாங்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அரிசோனா வாழ்க்கை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். சொந்த ஊர் வேலூர். பல வருடங்களாக மிச்சிகனில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு அப்பாவும் அம்மாவும் எங்களோடு நிரந்தரமாகத் தங்க வருகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டுவலி. போனமுறை வந்திருந்தபோது பனிக்குப் பயந்து வாசற்படியைத் தாண்டவே இல்லை. இப்போது எனக்கு ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வேலை மாற்றம் கிடைக்கிறது. பிப்ரவரியில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம், சொர்க்கம்தான்.

இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. ஒன்று சாண்ட்லரிலேயே, 1998-ல் கட்டியது, மாடி வீடு, கிழக்கு வாசல். இன்னொன்று ஸ்காட்ஸ்டேலுக்கு வடக்கே, நகர எல்லைக்கு வெளியே, ஒரு ஏக்கர் நிலத்தோடு புது வீடு. கொஞ்சம் கூடுதல் விலைக்கு இரண்டு மடங்கு பெரியது. தண்ணீர் லாரியில் வந்து தொட்டியை நிரப்புமாம். வேலூர்க்காரனுக்கு வெயில் புதிதல்ல. ஏப்ரலுக்குள் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மா முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்க்க ஆசைப்படுகிறார். உங்கள் கருத்து வேண்டும்.

எஸ்., மிச்சிகன்

அன்புள்ள எஸ்.,

அந்த ஒரு ஏக்கர் வீட்டை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பேசிப் பார்க்கலாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்காட்ஸ்டேலுக்கு வடகிழக்கே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அழகான மலையடிவாரம், பெரிய மனைகள், குதிரை வளர்க்கிற ஆட்கள். அங்கே சுமார் 500 வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். லாரிகள் ஸ்காட்ஸ்டேல் நகராட்சியின் குழாயில் பிடித்து வந்தன. கொலராடோ ஆற்றில் தண்ணீர் குறைந்ததும், எங்கள் ஊர்த் தண்ணீர் எங்கள் மக்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி, 2023 ஜனவரி 1 அன்று நகராட்சி குழாயை மூடிவிட்டது. லாரிகள் வெகுதூரம் போய்ப் பிடிக்க வேண்டிவந்தது, விலை எங்கேயோ போனது. பெரிய பெரிய வீடுகளில் இருந்தவர்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள், கழிவறைக்கு மழைநீரைப் பிடித்து வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு ஒரு தற்காலிக ஏற்பாட்டைச் செய்தது. உங்கள் வீடு அதே பகுதியா, பக்கத்துப் பகுதியா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. குழாய் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு உங்களிடம் எந்தக் கடமையும் இல்லை. வயதான இருவரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு தண்ணீரை நம்பக்கூடாது.

இப்படிப்பட்ட வீடுகள் எப்படி முளைக்கின்றன? அரிசோனாவில் 1980-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் நல்ல சட்டம். ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் மனை பிரித்து விற்பவர், நூறு ஆண்டுகளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். ஆனால் ஆறு மனைகளுக்குக் குறைவாகப் பிரித்தால் இந்த விதி பொருந்தாது. அதனால் ஐந்து ஐந்தாகப் பிரித்து விற்கிறார்கள். புதுச் சுவரும் பளபளப்பான சமையலறையும் பார்த்து, வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் வாங்குகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

சாண்ட்லர் நிலைமை வேறு. நூறு ஆண்டுத் தண்ணீர் உறுதி அந்த நகராட்சிக்கே இருக்கிறது. ஒரு பங்கு, சால்ட், வெர்டே ஆறுகளின் அணைகளிலிருந்து வருகிறது. அதில் பெரியதான ரூஸ்வெல்ட் அணை 1911-ல் முடிந்தது. இன்னொரு பங்கு கொலராடோ ஆற்று நீர், 336 மைல் நீளக் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து வருகிறது. அந்தக் கால்வாய்க்கு அனுமதி கொடுத்த 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பற்றாக்குறை வந்தால் கலிஃபோர்னியாவுக்குப் பிறகுதான் அரிசோனாக் கால்வாய்க்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2022 முதல் அந்த வெட்டு நடக்கிறது. முதல் அடி பினால் கவுன்டி (மாவட்டம்) விவசாயிகளுக்கு விழுந்தது. ஆற்றைப் பங்கிடும் 2007-ஆம் ஆண்டு விதிகளும் 2026 இறுதியோடு முடிகின்றன. ஆகவே சாண்ட்லரிலும் தண்ணீர்க் கட்டணம் ஏறலாம், புல்தரைக்குக் கட்டுப்பாடு வரலாம். ஆனால் குடிக்கிற தண்ணீர் உங்கள் குழாயில் வரும். அந்த அளவு உறுதி இருக்கிற நகருக்குள்தான் வாங்குங்கள். குவீன் க்ரீக், சான் டான் வேலி பக்கம் மலிவாகக் காட்டினால், அரிசோனா புவியியல் ஆய்வகம் வெளியிட்டிருக்கும் நிலப்பிளவு வரைபடத்தை முதலில் பாருங்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி அங்கே தரை வெடித்திருக்கிறது.

அப்புறம் வெயில். வேலூரில் அக்னி நட்சத்திரம் மூன்றரை வாரம். 110 டிகிரி அடித்தால் மறுநாள் பேப்பரில் வரும். ஃபீனிக்ஸில் 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாட்கள் ஒருநாள் விடாமல் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸ். 2024-ல் பகல் வெப்பம் 100 டிகிரிக்குக் குறையாத நாட்கள் தொடர்ந்து 113. பகலைவிட இரவுதான் மோசம். 2023 ஜூலை 19 அன்று விடியற்காலையில்கூட 97-க்குக் கீழே இறங்கவில்லை. வேலூரில் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம், காற்று வரும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். இங்கே ஜூலையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளியே உட்கார முடியாது. காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது ஃபேன் போட்டும் பயனில்லை. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் தாகம் எடுப்பதும் தெரியாது. வயதானவர்களுக்கு ஆபத்தே அதுதான்.

ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுன்டியில் 2023-ல் வெப்பம் தொடர்பாக இறந்தவர்கள் 645 பேர். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை. எனவே வீடு பார்க்கும்போது ஏசி எந்த வருடத்தியது என்று பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். இந்த ஊர் வெயிலில் பத்துப் பதினைந்து வருடத்தில் அது ஓய்ந்துவிடும். இரண்டு தனித்தனி ஏசி உள்ள வீடாக இருந்தால் ரொம்ப நல்லது. ஜூலை மாதச் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று நின்றாலும், மெக்கானிக் வரும்வரை எல்லோரும் மற்றப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

கிழக்கு வாசல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். இந்த ஊர் வீடுகளில் தெருப்பக்கம் கார் ஷெட்டும் சின்னச் சின்ன ஜன்னல்களும்தான் இருக்கும். பெரிய கண்ணாடிக் கதவு, ஹால், சமையலறை, பேஷியோ என்கிற கூரை போட்ட தாழ்வாரம் எல்லாம் பின்பக்கம். வாசல் கிழக்கு என்றால் கண்ணாடி முழுவதும் மேற்கே பார்க்கும். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து சூரியன் மறையும்வரை, அம்மா சமைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் வெயில் நேராக இறங்கும். மின்கட்டணமும் அதிகம் வருகிற நேரம் அது. இந்த ஊர்க்காரர்கள் வடக்கு தெற்காக அமைந்த வீட்டைத் தேடித்தான் வாங்குவார்கள். வடக்கு வாசல் வாஸ்துவுக்கும் சம்மதம்தான். பின்பக்கம் தெற்கே இருந்தால், கோடையில் உச்சியில் நிற்கிற சூரியனை பேஷியோக் கூரையே மறைத்துவிடும், குளிர்காலத்தில் சாய்வாக வருகிற இளவெயில் உள்ளே வரும். வடக்கு வாசல் வீடாகத் தேடச் சொல்லுங்கள். அம்மாவின் மூட்டுக்கு மாடியில்லாத வீடு. சாண்ட்லரில் அதற்குப் பஞ்சமில்லை.

1998 வீடு என்றதால் இன்னொன்று. கூரையில் ஓடு நன்றாகவே இருக்கும், கீழேயிருந்து பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மழைநீரைத் தடுப்பது ஓட்டுக்கு அடியில் விரித்திருக்கும் தாள். அதன் ஆயுள் இருபது முப்பது வருடம்தான். மாற்றவில்லை என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும், விலை பேசும்போதே அதைக் கழியுங்கள். கூரையில் சோலார் இருந்தால் அது விற்பவரின் சொந்தமா, குத்தகையா என்று கேளுங்கள். குத்தகை என்றால் மிச்சத் தவணைகள் வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வரும். இங்கே வழக்கமான ஒப்பந்தத்தில் பரிசோதனைக்குப் பத்து நாள் கொடுப்பார்கள். கூரை ஆள், ஏசி ஆள், கரையான் ஆள் மூன்று பேரையும் அதற்குள் ஏற்றிப் பாருங்கள். தேள் இருக்கும். வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா, செருப்பை உதறிப் போடுங்கள்.

அப்பாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. புழுதியோடு மூச்சில் போனால் 'வேலி ஃபீவர்' என்ற நுரையீரல் நோய் வரலாம். பலருக்குத் தானாகச் சரியாகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு முற்றுகிற வாய்ப்பு அதிகம். இருமல், காய்ச்சல், அசதி என்று வருவதால் சாதாரண நிமோனியா என்று நினைத்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் இருமல் நிற்காவிட்டால், வேலி ஃபீவருக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். புழுதிப் புயல் நாட்களில் அவரை வெளியே விடாதீர்கள். கோடைப் பகலில் வெறுங்காலோடு குப்பையைப் போட்டுவிட்டு வருகிற வழக்கமும் வேண்டாம். தார்த்தரையில் விழுந்து எழ முடியாத முதியவர்கள் ஒவ்வொரு கோடையிலும் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும் வராதீர்கள் என்று சொல்லமாட்டேன். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உங்கள் பெற்றோருக்கு மிச்சிகனில் கிடைக்காத ஒரு வாழ்க்கை இங்கே கிடைக்கும். தினம் நடக்கலாம், பூங்காவில் நம் ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கலாம், மாரிகோபா என்ற ஊரில் உள்ள மகா கணபதி கோயிலுக்குப் போய்வரலாம். முருங்கை இங்கே வெயிலைக் குடித்து வளரும். கறிவேப்பிலையும் வரும், சின்னச் செடிக்குப் பிற்பகல் நிழலும், ஜனவரி உறைபனிக்கு ஒரு போர்வையும் கொடுத்தால் போதும்.

ஏப்ரலில் வாங்க வேண்டாம். ஜூன் மாதம் நீங்களும் மனைவி குழந்தைகளும் மட்டும் சாண்ட்லரில் வாடகைக்கு வாருங்கள். கோடை முழுவதும் இருந்து, ஜூலை பிற்பகல் நான்கு மணிக்குப் போய் வீடுகளைப் பாருங்கள். எந்த ஹால் கொதிக்கிறது, எந்த ஏசி திணறுகிறது என்று அப்போது யாரும் மறைக்க முடியாது. ஆகஸ்ட் மழையில் கூரை ஒழுகுகிறதா என்றும் தெரிந்துவிடும். செப்டம்பரில் ஒப்பந்தம் போடுங்கள். அப்பா அம்மாவுக்கு அக்டோபர் கடைசியில் டிக்கெட் எடுங்கள். நல்ல பருவம் ஆறு மாதம் அவர்களுக்குக் கையில் இருக்கும். அதற்குள் நாலு பேர் பழக்கமாகிவிட்டால், முதல் கோடையை வீட்டுக்குள்ளிருந்து தாண்டுவதற்கு அவர்களுக்கு ஃபோனில் பேச ஆள் இருக்கும்.