சீனி கட்டுக்குள் இருந்தாலும் சிகரெட் கிட்னியை விடாது

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரருக்கு வயது 52. செம்பனை லாரி ஓட்டுகிறார். ஒன்பது வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.9. சிறுநீரில் புரதம் இறங்குகிறது, அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 12 என்று போன மாதம் கிளினிக்கில் சொன்னார்கள். நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிக்கிறார். கேட்டால், “அது நுரையீரலுக்குத்தான் கெடுதல், கிட்னிக்கு என்ன?” என்கிறார். வேப்புக்கு (மின்சிகரெட்) மாறினால் போதுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில் (ஓய்வுபெற்ற டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர்): தங்கச்சி, புகையின் நச்சு நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. எல்லாமே மிக நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள். இனிப்பு நீர்க்காரருக்கு அந்த முடிச்சுகளில் ஏற்கெனவே அழுத்தம் அதிகம். அதற்கு மேல் ஒவ்வொரு சிகரெட்டும் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, குழாய்களைச் சுருக்குகிறது, உட்சுவரைப் புண்ணாக்குகிறது. ஸ்டோரில் ரப்பர் பால் வடிகட்டும் சல்லடை கிழிந்தால் குப்பை கீழே இறங்கும். இங்கே இறங்குவது உடம்புக்கு வேண்டிய அல்புமின் என்ற புரதம். சிகரெட் இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும்.

அந்த 12 என்ற எண்ணை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நம் கிளினிக் கணக்கில் (mg/mmol) 3-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை ஆரம்பக் கட்டம். அதற்கு மேலே போனால் ஆபத்து கூடிவிட்டது என்று அர்த்தம். அவர் இன்னும் தடுத்து நிறுத்தக்கூடிய இடத்தில்தான் இருக்கிறார், சில பேருக்கு இந்த அளவு இறங்கியும் இருக்கிறது. வலி இல்லை, கால் வீக்கம் இல்லை, ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) சரியாக இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். கிட்னியின் வேலை பாதியளவு குறைந்த பிறகுதான் பெரும்பாலும் கிரியேட்டினின் ஏறும்.

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீர்க்காரர்கள். வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம் படுக்க வேண்டும். லாரி ஓட்டுகிற மனிதருக்கு அப்புறம் என்ன வேலை இருக்கும்? லயத்தில் என் கண் முன்னால் வளர்ந்த பையன்கள் அந்த டயாலிசிஸ் நாற்காலிக்குப் போனதைப் பார்த்த மனசு இது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேப்பிலும் நிக்கோட்டின்தான். எவ்வளவு உள்ளே போகிறது என்ற கணக்கும் இருக்காது. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை வேறு விஷயம்: அளந்து கொடுத்து, சில வாரங்களில் குறைத்து நிறுத்திவிடுவார்கள். அரசாங்க கிளினிக்குகள் பலவற்றில் ‘கிளினிக் பெர்ஹெந்தி மெரோக்கோக்’ (புகையை நிறுத்த உதவும் பிரிவு) இருக்கிறது. சீனி செக்கப்புக்குப் போகும் அன்றைக்கே கேளுங்கள். சாப்பாட்டுக் கடையில் 2019-லேயே புகைக்கத் தடை வந்துவிட்டது, ஆனால் லாரிக்குள் தனியாக இருக்கும்போது யார் தடுப்பது? அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று அங்கே பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். விட்ட புதிதில் பசி கூடி எடையும் சீனியும் கொஞ்சம் ஏறலாம். பயந்து மறுபடி பற்றவைக்காமல், விரலில் குத்திப் பார்ப்பதை அதிகப்படுத்துங்கள்.

முதுகு வலிக்கு டைகுளோஃபெனாக், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை அவராகவே வாங்கிப் போடுகிறாரா என்றும் கவனியுங்கள். அவையும் கிட்னியைக் கெடுக்கும்.

சிறுநீர்ச் சோதனையை 3 மாதத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் தேதியைத் தள்ளி வையுங்கள்.